கேலமைன் பாட்டிலுக்குள் ஒரு லேசர்!

வேர்க்குரு வந்தால் தடவுகிற கேலமைன் லோஷன். ஸ்கூட்டரிலிருந்து லாரி வரை ஓடுகிற அத்தனை டயர். பல் டாக்டர் 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லித் தற்காலிகமாக அடைத்து அனுப்பும் கிராம்பு வாசனை சிமெண்ட். டெஸ்ட் மாட்ச்சில் பீல்டர்கள் மூக்கிலும் உதட்டிலும் அப்பிக்கொண்டு நிற்கிற வெள்ளைப் பூச்சு.

இந்த நாலுக்கும் என்ன சம்பந்தம்?

ஜிங்க் ஆக்ஸைடு! ஒரு துத்தநாக அணுவுக்கு ஒரு ஆக்ஸிஜன் அணு என்று சேர்ந்த வெள்ளைப் பவுடர். விலை மலிவு, குணம் சாது. ஆபீஸில் மூலை சீட்டில் உட்கார்ந்து, யார் வம்புக்கும் போகாமல் லெட்ஜர் எழுதிக்கொண்டிருக்கும் ஆசாமி மாதிரி. அந்த ஆசாமி ஒருநாள் லஞ்ச் நேரத்தில் திடீரென்று எழுந்து நின்று கச்சேரி செய்தால் எப்படி இருக்கும்?

2001 ஜூனில் அப்படித்தான் ஆயிற்று. அமெரிக்காவில் பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், பைடாங் யாங் என்கிற வேதியியல் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை போட்டார்கள். இந்தச் சாது ஜிங்க் ஆக்ஸைடை மெல்லிய கம்பிகளாக வளர்த்தோம், அதன்மேல் வெளிச்சம் பாய்ச்சினோம், கம்பியின் நுனியிலிருந்து லேசர் வந்தது என்றார்கள். ஐஸ் பெட்டி எதுவும் வேண்டாம், சாதாரண அறை வெப்பத்திலேயே.

கம்பி என்றால் கொடிக் கம்பி இல்லை. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி (இருந்தால்) சுமார் 80 ஆயிரம் நானோமீட்டர் தடிமன். பெர்க்லி கம்பிகளில் பெரும்பாலானவை 70-லிருந்து 100 நானோமீட்டர். அதாவது, முடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. நீளம் அதிகபட்சம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

அவ்வளவு சின்னக் கம்பியில் லேசரா? அப்படியானால் இத்தனை வருஷத்தில் கடைக்கு வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. அதற்கு முன்னால் கம்பளி பற்றிக் கொஞ்சம்.

ஞானியின் கம்பளி

துத்தநாகத்தை நன்றாகச் சூடாக்கிக் கொளுத்தினால் நீலமும் பச்சையும் கலந்த ஜுவாலையோடு எரியும். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ பறந்து வந்து படியும். அது ஜிங்க் ஆக்ஸைடு. ஐரோப்பாவின் பழைய ரசவாதிகள் இதற்கு 'ஞானியின் கம்பளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். தங்கம் பண்ணப் போய்க் கம்பளி கிடைத்ததில் அவர்களுக்கு என்ன ஞானம் வந்ததோ தெரியாது. ஆனால் பார்வை கரெக்ட். இந்தப் பொருளுக்கு நூல் நூலாக வளரும் சுபாவம் பிறவியிலேயே உண்டு.

நம் நாட்டில் இதே கம்பளி ஒரு பெரிய தலைவலியாக இருந்தது. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கத்தில் ஜாவர் என்று ஓர் இடம். ஐரோப்பா துத்தநாகம் காய்ச்சக் கற்றுக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே பெரிய அளவில் அது நடந்தது. துத்தநாகத் தாதுவை வறுத்து ஆக்ஸைடாக்கி, கரியோடு சேர்த்துச் சூடாக்கினால், கரி ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். துத்தநாகம் மட்டும் மிஞ்சும். இதில் ஒரு வில்லங்கம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி விடும். கரி வேலை செய்வதற்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆகவே உலோகம் பிறக்கும்போதே ஆவியாகத்தான் பிறக்கும். அந்த ஆவியில் கொஞ்சம் காற்றுப் பட்டால் போச்சு, மறுபடி வெள்ளைக் கம்பளி! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை.

ஜாவர்க்காரர்கள் செய்த தந்திரம் அபாரம். கத்திரிக்காய் வடிவத்தில் மண் குடுவை. அதைத் தலைகீழாக நிறுத்தி, மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த பானை. ஆவி மேலே போவதற்குப் பதிலாகக் குழாய் வழியாகக் கீழே இறங்கி, காற்றுப் படாமல் உறைந்துவிடும். ஒரு உலையில் 36 கத்திரிக்காய்கள். அந்தக் குடுவைகளை ஜாவரில் மலை மலையாகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெர்க்லியில் செய்ததும் இதே சமையல்தான். ஜிங்க் ஆக்ஸைடு பவுடர், சம அளவு கரி (அவர்கள் பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டைப் போட்டார்கள்), 900 டிகிரிக்குப் பக்கத்தில் உலை. துத்தநாக ஆவி வரும். ஜாவர்க்காரர் எதைத் தவிர்க்கப் பாடுபட்டாரோ, அதை இவர்கள் வேண்டுமென்றே நடக்க விட்டார்கள். ஆவி மறுபடி ஆக்ஸைடு ஆகட்டும், ஆனால் கண்ட இடத்தில் பஞ்சாகப் பறக்காமல், நான் சொல்லும் இடத்தில், நான் சொல்லும் தடிமனில் ஆகட்டும் என்றார்கள்.

எப்படிச் சொன்னபடி கேட்கும்? அங்கேதான் தங்கம் வருகிறது.

தங்கத் துளியில் நாற்று

1964-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வாக்னர், எல்லிஸ் என்று இரண்டு பேர் சிலிக்கானில் கண்டுபிடித்த உத்தி இது. ஒரு பலகைமேல் தங்கத்தை மகா மெல்லிசாகப் பூச வேண்டும். பெர்க்லியில் பூசியது 1-லிருந்து 3.5 நானோமீட்டர், அதிகபட்சம் பத்துப் பதினைந்து அணு கனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். (வரதட்சணைக்குக் கேட்கிற தங்கத்தில் ஊரையே பூசலாம்.) சூடாக்கினால் இந்தப் பூச்சு, எண்ணெய்த் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி துளித் துளியாகத் திரண்டுவிடும்.

ஒவ்வொரு துளியும் ஒரு கம்பிக்கு விதை. துத்தநாக ஆவி வந்து துளிக்குள் கரையும். கரைந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் துளி 'போதும்டா சாமி' என்று சொல்லி, உள்ளே போனதை அடிப்பக்கமாகப் படிகமாக இறக்கும். அந்தப் படிகம் துளியை மேலே தூக்கும். மறுபடி ஆவி, மறுபடி படிகம். துளி எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு அகலத்துக்குக் கம்பி. தங்கம் இருக்கும் இடத்தில் மட்டும் நடவு. இல்லாத இடம் தரிசு. இரண்டு நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் சாகுபடி முடிந்தது. நம் ஊர் குறுவைக்குக்கூட நூறு நாளாவது வேண்டும்.

பயிர் சாயாமல் நேராக நிற்பது எப்படி? அடியில் இருக்கும் பலகையை அதற்காகவே பொறுக்கினார்கள். அது நீலக்கல். மோதிரத்தில் வைக்கிறதல்ல, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நிறமில்லாத சஃபையர். ஜிங்க் ஆக்ஸைடின் அணு வரிசையில் நாலு எட்டு வைத்தால், சஃபையரின் அணு வரிசையில் ஒரு எட்டுக்குச் சரியாக இருக்கும். வித்தியாசம் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஜோசியர் பார்த்திருந்தால் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்திருப்பார். கால் சரியாக ஊன்றியதால் கம்பிகள் நெட்டுக்குத்தாக, ஆறு பட்டையோடு, நெல் வயல் மாதிரி நின்றன.

இவ்வளவு ஆடம்பரம்கூட வேண்டாம். தண்ணீரில் ஜிங்க் நைட்ரேட், ஹெக்ஸமின் (சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கிற மருந்தும் இதுதான்) இரண்டையும் கரைத்து, பொடிப் படிகங்கள் தூவிய கண்ணாடித் துண்டை அதில் கவிழ்த்து வைத்து, 90 டிகிரியில் சில மணி நேரம் விட்டால் போதும். கண்ணாடியில் ஜிங்க் ஆக்ஸைடு குச்சிகள் வரிசையாக முளைத்திருக்கும். இட்லி வேகும் சூட்டைவிடக் குறைச்சல்! 2003-க்குப் பிறகு இந்த 'வெந்நீர் முறை' உலகமெங்கும் பரவிவிட்டது. பெரிய உலை வாங்கப் பணமில்லாத கல்லூரிகூட இதில் ஆராய்ச்சி செய்து கட்டுரை போடலாம். போட்டார்கள், ஆயிரக்கணக்கில்.

ஆகவே, வளர்ப்பது கஷ்டமில்லை. வளர்ந்தது என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதுதான் பெரும்பாடு.

டபுள் டெக்கர் பஸ்

வெளிச்சம் எப்படி வருகிறது? சென்னையில் ஒரு காலத்தில் ஓடிய டபுள் டெக்கர் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த் தளம் முழுக்க எலெக்ட்ரான் பயணிகள், ஒரு சீட்கூடக் காலியில்லை. மேல் தளம் காலி. நடுவில் படிக்கட்டு. ஜிங்க் ஆக்ஸைடில் இந்தப் படிக்கட்டின் உயரம் 3.37 எலெக்ட்ரான் வோல்ட். நம் கண்ணுக்குத் தெரிகிற எந்த வெளிச்சத்துக்கும் ஓர் எலெக்ட்ரானை அவ்வளவு உயரம் தூக்கிவிடத் தெம்பு இல்லை. அதனால் அது இதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பவுடர் வெள்ளையாக இருப்பதன் ரகசியம் இதுதான். புற ஊதாக் கதிருக்கு அந்தத் தெம்பு இருக்கிறது. அதை ஜிங்க் ஆக்ஸைடு விழுங்கிவிடும். கிரிக்கெட் வீரர் மூக்கில் அப்புவதன் ரகசியம் இது.

புற ஊதா பட்டு ஓர் எலெக்ட்ரான் மேல் தளத்துக்குப் போனால், கீழே அதன் சீட் காலியாகிறது. நம் ஆள் சும்மா போவானா? சீட்டில் கர்ச்சீப் போட்டுவிட்டுத்தான் போவான். மேலே உலாத்தினாலும் கண் கீழே கர்ச்சீப் மேலேயே இருக்கும். எலெக்ட்ரானும் அதன் காலி சீட்டும் இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகத் திரிவதற்கு எக்ஸைட்டான் என்று பெயர். அவன் திரும்பித் தன் சீட்டில் வந்து தொப்பென்று உட்கார்ந்தால், ஏறச் செலவான சக்தி புற ஊதா வெளிச்சமாக வெளியே வரும்; சுமார் 380 நானோமீட்டர் அலைநீளத்தில்.

பஸ்ஸில் தள்ளுமுள்ளு இருக்கும் அல்லவா? அதுதான் வெப்பம். அறை வெப்பத்தின் தள்ளுமுள்ளு 26 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். அலகு கிடக்கட்டும், எண்களை மட்டும் பாருங்கள். நீல எல்.ஈ.டி.க்குப் பயன்படும் காலியம் நைட்ரைடில் இந்த ஜோடியின் பிணைப்பு ஏறக்குறைய 25. தள்ளுமுள்ளில் கை நழுவிவிடும். ஜிங்க் ஆக்ஸைடில் பிணைப்பு 60! யார் இடித்தாலும் கை விடாது. ஜிங்க் ஆக்ஸைடு மேல் உலகத்துக்கு வந்த மோகம் அத்தனையும் இந்த 60 என்ற ஒரு எண்ணால் வந்ததுதான்.

இதோடு கம்பியின் உருவமும் சேர்ந்தது. அடியில் சஃபையரைத் தொடும் இடம் ஒரு கண்ணாடி. மேலே தட்டையான அறுகோண முனை இன்னொரு கண்ணாடி. நடுவில் வெளிச்சம் பந்து மாதிரி போய்ப்போய் வந்து பலம் கூடும். லேசருக்குத் தேவையான சாமான் மொத்தமும் பிறவியிலேயே ரெடி. பெர்க்லிக்காரர்கள் வேறொரு லேசரால் கம்பிகளை அடித்தார்கள். மெதுவாக அடித்தபோது சுமார் 17 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவி வழிந்த வெளிச்சம், சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோவாட் என்ற வாசலைத் தாண்டியதும் 0.3 நானோமீட்டருக்கும் குறைவான ஊசிகளாகக் கூர்ந்து 385-ல் நின்றது. சந்தைக்கடை இரைச்சல் திடீரென்று ஒரே சுருதியில் பாடிய மாதிரி.

பச்சையாக ஒரு வாக்குமூலம்

இந்தக் கம்பிகளைப் பரிசோதிக்கும்போது புற ஊதா மட்டும் வருவதில்லை. கூடவே பச்சையாக ஒரு வெளிச்சமும் வரும், 500-லிருந்து 530 நானோமீட்டர் வரை, பரந்து விரிந்து. இது வரக்கூடாத வெளிச்சம். படிக்கட்டின் நடுவில் எங்கோ உடைந்த ஒரு படி இருக்கிறது, இறங்கி வந்த ஆள் அதில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மிச்சத்தைத் தனியாக இறங்குகிறான் என்று அர்த்தம். படிகத்தில் குறை இருக்கிறது.

என்ன குறை? ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை என்று 1996-ல் ஒரு கோஷ்டி அடித்துச் சொன்னது. அதெல்லாம் இல்லை, செம்பு கொஞ்சம் கலந்துவிட்டது என்று 1969-லேயே ஒருவர் சொல்லியிருந்தார். துத்தநாகம் இருக்க வேண்டிய இடம் காலி என்று மூன்றாவது கட்சி. மூன்றுக்கும் சாட்சிகள் உண்டு. ஒரே நிறப் பச்சையை வெவ்வேறு துண்டுகளில் வெவ்வேறு ஆசாமிகள் உண்டாக்கலாம் என்பதால் கேஸ் இழுத்துக்கொண்டே போகிறது. நம் சிவில் கோர்ட் பரவாயில்லை.

குளிரவைத்தால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். திரவ ஹீலியத்தில் முக்கி மைனஸ் 269 டிகிரிக்குக் கொண்டுபோனால் தள்ளுமுள்ளு அடங்கிவிடும். கொழகொழவென்று தெரிந்த புற ஊதா வெளிச்சம் தனித்தனி மெல்லிய கோடுகளாகப் பிரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஜெயில் கைதி மாதிரி நம்பர் போட்டிருக்கிறார்கள். ஐ-4 என்ற கோடு தெரிந்தால் உள்ளே ஹைட்ரஜன் இருக்கிறது. ஐ-6 அலுமினியம். ஐ-8 காலியம். ஐ-9 இண்டியம். யாருமே போடாதவை! பவுடரோடு, பலகையோடு, காற்றோடு டிக்கெட் இல்லாமல் ஏறி வந்தவை. வெளிச்சத்தைப் பார்த்தே உள்ளே யார் ஒளிந்திருக்கிறார் என்று சொல்லும் இந்த வேலையை நினைத்தால் நம் சுங்க இலாகா பொறாமைப்படும்.

கணக்கில் ஜிகினா

இங்கே பி.காம். படித்தவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளலாம். 'என் கம்பி சுத்தமானது' என்று காட்டுவதற்குப் பல கட்டுரைகளில் ஒரு விகிதம் கொடுப்பார்கள். புற ஊதா எவ்வளவு, பச்சை எவ்வளவு, இதை அதால் வகுத்தால் எவ்வளவு. பெரிய எண் வந்தால் நல்ல படிகம். பாலன்ஸ் ஷீட்டில் கரண்ட் ரேஷியோ பார்ப்பது போல.

பாலன்ஸ் ஷீட் தெரிந்தவர்களுக்கு மார்ச் 31-ஆம் தேதி மகாத்மியமும் தெரியும். அன்று ஒருநாள் மட்டும் கம்பெனி கொழுகொழுவென்று இருக்கும். இங்கேயும் அப்படி ஒரு சூட்சுமம் உண்டு. உடைந்த படிகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அடிக்கிற லேசர் மெதுவாக இருந்தால், இறங்குகிறவர்களில் பெரும்பங்கு அந்தப் படிகளிலேயே உட்கார்ந்துவிடும். பச்சை தூக்கலாகத் தெரியும். லேசரைக் கூட்டினால் உடைந்த படிகள் நிரம்பி ஹவுஸ்ஃபுல் ஆகிவிடும். மற்றவர்கள் நேராகக் கீழே குதிப்பார்கள். புற ஊதா பிரமாதமாகத் தெரியும். அதே துண்டு, அதே குறைகள். லேசரின் குமிழைத் திருப்பியதும் விகிதம் ஏறிவிட்டது!

எவ்வளவு பலத்தில் அடித்தாய் என்று சொல்லாமல் விகிதத்தை மட்டும் சொன்னால், அது தேதி போடாத பாஸ்புக் மாதிரி. ஒரு லேபின் 20-ஐயும் இன்னொரு லேபின் 50-ஐயும் ஒப்பிட்டு 'அவன் கம்பிதான் ஒசத்தி' என்று சொல்ல முடியாது. இதில் பொய் சொல்கிறார்கள் என்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டால் எண் தானாகவே நமக்கு ஜால்ரா தட்ட ஆரம்பித்துவிடும் என்பதுதான் விஷயம்.

கம்பி மெலிந்தால் வேறொரு சிக்கல். மெலிய மெலிய உள்ளே இருப்பதைவிடத் தோல் அதிகமாகிவிடும். தோலில்தான் குறைகள் அதிகம். ஆகவே கம்பி ஒல்லியானால் பச்சை கூடும் என்று 2004-லேயே அளந்து காட்டினார்கள். 'நானோ என்றாலே உசத்தி' என்கிற விளம்பர வசனத்துக்கு இது ஒரு சின்னக் குட்டு.

லேசர் விஷயத்திலும் பின்னால் வந்தவர்கள் குடைந்து பார்த்தார்கள். ரொம்ப ஒல்லியான கம்பியில் வெளிச்சம் உள்ளே தங்காமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். 2008-க்குப் பிறகு ஒவ்வொரு கம்பியாகத் தனியே எடுத்துச் சோதித்தவர்களுக்கு, சுமார் 150 நானோமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால்தான் உண்மையான லேசர் கிடைத்தது. இன்னும் ஒரு குண்டு 2012-ல் நெதர்லாந்தின் உத்ரெக்ட்டிலிருந்து வந்தது. லேசர் வரும் அளவுக்கு அடித்தால் மேல் தளத்தில் அத்தனை கூட்டம் சேர்ந்துவிடுமாம். யார் கர்ச்சீப் எது என்றே தெரியாமல் ஜோடிகள் கூட்டத்தில் கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்த 60-ஐ நம்பி எல்லோரும் ஓடி வந்தார்களோ, அந்த 60-க்கு லேசரில் பெரிய வேலையே இல்லை என்று ஆகிறது!

இதனால் பெர்க்லி கட்டுரை மதிப்பிழந்துவிட்டதா? இல்லை. அந்தக் கட்டுரை வழியைத் திறந்தது. மற்றவர்கள் உள்ளே போய் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். விஞ்ஞானம் நடப்பது இப்படித்தான், கைதட்டல் ஒரு நாள், ஆடிட் பத்து வருஷம்.

ஒரு கை ஓசை

கடைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு வருவோம். மேலே ஒரு வரியை நீங்கள் வேகமாகத் தாண்டியிருக்கலாம்: 'வேறொரு லேசரால் அடித்தார்கள்.' லேசர் வாங்க இன்னொரு லேசர் வைத்திருக்க வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்? பாட்டரியில் கனெக்ஷன் கொடுத்தால் எரிய வேண்டும்.

அதற்கு இரண்டு வகைப் படிகம் வேண்டும். மேல் தளத்தில் எப்போதும் உபரிப் பயணிகள் உள்ள 'என்' வகை. கீழ்த் தளத்தில் எப்போதும் காலி சீட்டுகள் உள்ள 'பி' வகை. இரண்டையும் ஒட்டி மின்சாரம் விட்டால், எல்லையில் பயணிகள் சீட்டுகளில் விழுவார்கள், வெளிச்சம் வரும். எல்லா எல்.ஈ.டி.யும் இதுதான்.

ஜிங்க் ஆக்ஸைடுக்கு 'என்' வகையாக இருப்பது மூச்சு விடுவது போல. 'பி' வகையாக்குவது பகீரதப் பிரயத்தனம். கீழே ஒரு காலி சீட் உண்டாக்கினால், மேலே இருக்கும் உபரி ஆள் உடனே வந்து உட்கார்ந்துவிடுகிறான். அந்த உபரி எங்கிருந்து வருகிறது? ஆக்ஸிஜன் குறைபாட்டால் என்று பாடப் புத்தகங்கள் ரொம்ப நாள் சொல்லிவந்தன. சூடாக்கினால் ஜிங்க் ஆக்ஸைடு மஞ்சளாகும், ஆறினால் வெள்ளையாகும் என்று பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தோமே, அதற்கும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். 2000-த்தில் வான் டி வாலே என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டு இன்னொரு சந்தேக ஆசாமியைக் காட்டினார். ஹைட்ரஜன்! தண்ணீரில் இருப்பது, காற்றின் ஈரத்தில் இருப்பது, எந்த உலையிலும் எந்தப் பாத்திரத்திலும் அழையா விருந்தாளியாக வருவது. ஜிங்க் ஆக்ஸைடுக்குள் நுழைந்தால் அது எப்போதும் எலெக்ட்ரானைத் தானமாகக் கொடுக்கிறது. நாம் என்ன போட்டோம் என்பதைவிட, போடாமல் என்ன வந்தது என்பதுதான் இந்தப் பொருளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

போட்டியாளரான காலியம் நைட்ரைடுக்கும் இதே வியாதி இருந்தது. 1989-ல் ஜப்பானில் அகசாகியும் அமானோவும் மக்னீசியம் சேர்த்து 'பி' வகையைப் பிடித்தார்கள். மக்னீசியத்தை அமுக்கிக்கொண்டிருந்தது ஹைட்ரஜன்தான் என்றும், சூடாக்கினால் அது ஓடிவிடும் என்றும் நகமுரா காட்டினார். 1993-ல் பளிச்சென்ற நீல எல்.ஈ.டி. வந்தது. 2014-ல் மூவருக்கும் நோபல் பரிசு. உங்கள் வீட்டு டியூப்லைட்டை ஓய்வு பெற வைத்த எல்.ஈ.டி. விளக்கு அந்த வம்சம்.

ஜிங்க் ஆக்ஸைடுக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆர்சனிக் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். 2005-ல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தார் நைட்ரஜன் போட்டு ஒரு எல்.ஈ.டி.யை ஒளிரவே வைத்துவிட்டார்கள். ஆனால் கடைக்கு வரும் அளவுக்கு அது வளரவில்லை. 2009-ல் சான்டா பார்பராவிலிருந்து, நைட்ரஜனால் 'பி' வகை ஏன் வர முடியாது என்று ஒரு கணக்கு வந்தது. நகமுரா பேராசிரியராகப் போய்ச் சேர்ந்த அதே பல்கலைக்கழகம்!

அதுவரை சும்மா இருப்பார்களா? 2004-லேயே கொரியாவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'பி' வகைக் காலியம் நைட்ரைடு பலகைமேல் 'என்' வகை ஜிங்க் ஆக்ஸைடு குச்சிகளை நட்டு, மின்சாரம் கொடுத்து வெளிச்சம் எடுத்தார்கள். எந்தக் கட்சியைத் தோற்கடிக்கப் புறப்பட்டார்களோ அதே கட்சியோடு கூட்டணி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

சும்மாவும் இல்லை

லேசர் வேலை கிடைக்காத கம்பிகள் வேறு வேலை பார்க்கின்றன. 2002-ல் யாங்கின் கூட்டத்தாரே ஒற்றைக் கம்பியின் இரு முனையிலும் இணைப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். இருட்டில் கிட்டத்தட்ட மின்சாரமே ஓடாது. புற ஊதா பட்டால் மின்தடை பத்தாயிரம் மடங்கிலிருந்து பத்து லட்சம் மடங்கு வரை குறைந்தது. அருமையான புற ஊதா உளவாளி. 2006-ல் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் இசட்.எல். வாங் கம்பியை வளைத்தே மின்சாரம் எடுத்துக் காட்டினார்.

அடுத்த முறை பேப்பரில் 'நானோ கம்பியில் அதிசய ஒளி' என்று செய்தி வந்தால், இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. மின்சாரத்தில் எரிகிறதா, இன்னொரு லேசர் வேண்டுமா?

2. விகிதம் சொல்கிறார்களே, எவ்வளவு பலத்தில் அடித்து அளந்தார்கள்?

3. பச்சை எங்கே போயிற்று? குறைந்ததா, மறைந்ததா, மறைத்ததா?

மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் தாராளமாகக் கைதட்டலாம். பதில் இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டி ஜோக் படியுங்கள். ஜிங்க் ஆக்ஸைடு கோபித்துக்கொள்ளாது. முதல் அலை ஆராய்ச்சி 1980-களில் ஓய்ந்து, எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போனபோதும் அது கோபிக்கவில்லை. டயரிலும் லோஷனிலும் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டு, இன்னொருத்தர் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தது. இப்போதும் காத்திருக்கிறது. ஒரே ஒரு 'பி' வகை வரன் மட்டும் அமைந்தால் போதும்!